பாதை யாருடையது என்று யார் சொன்னது

நூலகப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இணையத் தேடல் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். தேடுவதற்கு என்னவெல்லாம் வந்திருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த கருவிகளில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. அதனால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதை நான் நூலகத்தில் உட்கார்ந்து செய்தேன். விளைவு வேறொரு ஊரில், வெயிலில், தரையில் இறக்கி வைத்த ஒரு பாடைக்கு முன்னால் நின்றது.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். கடைசி சில ஆண்டுகளில், இணையத்தில் தகவல் தேடுவது பற்றி முப்பது மணி நேரப் பாடம் ஒன்றை நூலகமே நடத்த வேண்டும் என்று முடிவானது. பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஓடுகிற கணினி பதினொன்று. மற்றவர்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்படிக் கைப்பேசியோடு உட்கார்ந்தவள்தான் தேன்மொழி. வரலாறு, இரண்டாம் ஆண்டு. மயிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தின் காலனியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவாள். அப்பா புதுச்சேரியில் கொத்தனார் வேலை. அம்மா நடவுக்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பறிக்கவும் போகிறவர்.

முதல் வகுப்பில் எல்லோரும் வேகமாகத் தேடுவது எப்படி என்று கேட்டார்கள். அவள் மட்டும், "இதுல இருக்கறதெல்லாம் யாரு மேடம் போடறாங்க?" என்று கேட்டாள். யார் வேண்டுமானாலும் போடலாம் என்றேன்.

"அப்ப நானும் போடலாமா?"

போடலாம் என்றேன். அந்தப் பதிலை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதைப் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன்.

நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் அதை நடத்துவது யார், எப்போது எழுதியது என்று பார்ப்பாள். கல்வி உதவித்தொகை தருவதாக வாட்ஸாப்பில் சுற்றிய ஒரு படிவத்தில் நாலு பேர் ஆதார் எண்ணைக் கொடுக்கப்போனபோது, இணைய முகவரியில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது என்று சொல்லித் தடுத்தவள் அவள்தான்.

பாடத்தின் கடைசிப் பயிற்சியாக, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அவரவர் ஊரைப் பற்றி எழுதச் சொன்னேன். தேன்மொழியின் ஊருக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது. வட்டம், அஞ்சல் எண், அவ்வளவுதான். புத்தகத்தில் எதுவும் கிடைக்காத ஊர்களுக்கு, பெரியவர்களைப் போய்க் கேளுங்கள் என்றேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள்ளே இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனாள். போக வேண்டாம் என்று அவள் அம்மா தடுத்தாராம். காலனிப் பெண் ஒருத்தி அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. பெரியவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, இரண்டு மணி நேரம் பேசினாராம். திங்கட்கிழமை இதை என்னிடம் சொன்னபோது அவளுக்கே நம்ப முடியாதது போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் எழுதி ஏற்றினார்கள். நான் நூலகத்தின் கணக்கில் நுழைந்து ஒவ்வொரு பக்கமாக நடையைத் திருத்திக்கொண்டே வந்தேன். பிழை திருத்தினேன், நீண்ட வாக்கியங்களை வெட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினெட்டும் முடிந்துவிட்டது. சான்றிதழ் கொடுத்தோம். அடுத்த வருடம் கல்லூரிக்கு வந்த ஆய்வுக் குழுவிடம் தேன்மொழி எழுதிய பக்கத்தைத்தான் திறந்து காட்டினேன்.

அதற்கு அடுத்த வருடம் அவள் விழுப்புரத்தில் எம்.ஏ. சேர்ந்துவிட்டாள். எனக்கு ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நூலகம் திறந்ததும் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். வருவதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. தலை வாரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

புதன்கிழமை அவளுடைய பெரியப்பா இறந்துபோனார். காலனியின் சுடுகாட்டுக்கு ஏரிக்கரையை ஒட்டி ஒரு பாதை உண்டு. அவளுக்குத் தெரிந்து எல்லாச் சாவும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அன்று பாடையைத் தூக்கிக்கொண்டு போனால், ஏரிக்கரை தாண்டியதும் குறுக்கே முள்கம்பி வேலி. தலைமையாசிரியரின் மகன் அந்தப் பக்கத்து நிலத்தை மனை போட்டிருந்தார். பாதையும் எங்கள் நிலம்தான் என்றார். பாடையைத் தரையில் இறக்கினார்கள். பதினொரு மணிக்கு இறக்கியதை மூன்று மணிக்குத்தான் தூக்கினார்கள். காவல்துறையும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து பேசி, அன்றைக்கு மட்டும் கம்பியை அவிழ்த்தார்கள். மறுநாள் காலையில் திரும்பக் கட்டியிருந்தது. திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் வைத்துப் பேச்சு என்று முடிவானது.

மகன் தன் மனுவோடு இரண்டு தாள்களை இணைத்திருந்தார். ஒன்று இணையக் கலைக்களஞ்சியத்தின் அச்சுப்பிரதி. இன்னொன்று, ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரில் வந்த ‘ஊர் வரலாறு’ பக்கம். பாதை அந்தக் குடும்பத்துடையது என்று இரண்டிலும் இருந்தது. காலனி இளைஞர்கள் அவற்றைப் படம் எடுத்துத் தங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார்கள். தேன்மொழி அதை எனக்குக் காட்டினாள்.

"படிச்சதும் தெரிஞ்சிபோச்சி மேடம். இது நான் எழுதுன பக்கம். எங்க பெரியப்பாவ நாலு மணி நேரம் வெயில்ல போட்டதுக்கு நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எவனோ எழுதி வைத்திருக்கிறான் என்றாராம்.

எனக்கு முதலில் தோன்றிய யோசனையைச் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போதே நீக்கிவிடலாம், இரண்டு நிமிட வேலை, திங்கட்கிழமை யாராவது திறந்து பார்த்தால் அப்படி ஒன்று இருக்காது என்றேன். இருபத்தெட்டு வருடம் நூலகராக இருந்தவள் சொன்ன யோசனை அது.

தேன்மொழி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அழிச்சா, அழிச்சதும் அதுல நிக்கும் மேடம். யாரு அழிச்சாங்க, எப்ப அழிச்சாங்கன்னு நிக்கும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிக்கொடுத்தேன்தான். அந்தத் தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் திருத்த வரலாறு என்று ஒன்று இருக்கும். யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பதெல்லாம் அழியாமல் இருக்கும். அவள் கணினியை இழுத்து அதைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமைக்குப் போனாள். அவளுடைய பெயரில் முதல் பதிவு. நாற்பது நிமிடம் கழித்து இன்னொரு பதிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அவள் எழுதியது இது: ‘ஏரிக்கரையிலிருந்து சுடுகாட்டுக்குச் செல்லும் பாதையில் வேப்பமரத்துக்கு அப்பால் உள்ள கடைசித் துண்டு மட்டும் தம் குடும்ப நிலம் என்றும், அதில் மக்கள் நடக்கத் தாம் தடை சொன்னதில்லை என்றும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சொன்னார்.’

நாற்பது நிமிடம் கழித்து அது இப்படி ஆகியிருந்தது: ‘சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் குடும்பத்துக்குச் சொந்தமானது, மக்கள் பயன்படுத்த அவர்கள் அனுமதித்துள்ளனர்.’

திருத்தியவர் பெயர் இருக்கும் இடத்தில் நூலகத்தின் கணக்கு இருந்தது. என் கணக்கு. திருத்தத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் ‘நடை’ என்று போட்டிருந்தேன்.

எனக்கு அது கொஞ்சமும் நினைவில் இல்லை. ஆனால் ஏன் செய்தேன் என்று பார்த்ததுமே தெரிந்தது. கலைக்களஞ்சியத்தில் ‘அவர் சொன்னார், இவர் சொன்னார்’ என்று எழுதக் கூடாது, செய்தியை நேராகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. வேப்பமரம் எனக்கு ஊர்வம்பாகப் பட்டிருக்கும். நீளமான வாக்கியத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று சந்தோஷம்கூடப் பட்டிருப்பேன்.

தேன்மொழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாடவேளை மணி அடித்தது. எனக்கு அப்போது வந்த எண்ணத்தை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஐந்து மாதம். அதுதான் வந்தது. ஐந்து மாதம் கழித்து இது வெளியே வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அவளுக்கு அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நீங்க வரவேணாம் மேடம். நானே தப்பா எழுதிட்டேன்னு சொல்லிக்கிறேன். எங்க ஊரு வெவகாரத்துல உங்களுக்கு எதுக்குப் பேஜாரு" என்றாள்.

அவள் அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அக்கறையாகச் சொன்னாள். சரியாகக் கேட்டு, சரியாக எழுதிய ஒரு பெண், தன் ஊர்க்காரர்கள் முன்னால் போய், தான் தப்பாக எழுதியதாகச் சொல்லப்போகிறாள். அதையும் என் கௌரவத்துக்காகச் சொல்லப்போகிறாள். நூலகத்தில் இருந்த மாணவர்கள் வகுப்புக்குப் போய் அறை காலியாகும் வரைக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய் இரண்டு பதிப்புகளையும் நானே அச்செடுத்தேன். அவற்றில் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அடுத்தது கும்பாபிஷேக மலர். சுற்று வட்டாரக் கோயில் மலர்களை வாங்கி வைக்கும் பழக்கம் எங்கள் நூலகத்தில் இருந்தது. தேடி எடுத்தோம். பாதையைப் பற்றிய வாக்கியம் நான் போட்ட காற்புள்ளி உட்பட அப்படியே இருந்தது. மலர் வெளிவந்தது எங்கள் பக்கம் ஏறி ஒரு வருடம் கழித்து. அதற்கும் பிறகு யாரோ அந்த மலரையே ஆதாரமாக இணையப் பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு சாட்சி. உண்மையில் ஒரே வாய், அதுவும் என் வாய். இரண்டு இடத்தில் ஒரே செய்தி கிடைத்தால் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒன்று இன்னொன்றைப் பார்த்து எழுதியதா என்று தேதியைப் பாருங்கள்.

ஆனால் அந்த வாக்கியம் தவறு என்று காட்டினால் போதாது. பாதை யாருடையது என்று தெரிய வேண்டும். நிலப் பதிவேடுகளை அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், புல எண் தெரிந்தால். எங்களுக்குத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தேன்மொழி வேலியைப் படம் எடுத்திருந்ததைத் தன் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தாள். வேலிக்குப் பின்னால் மனை விற்பனைக்கு என்று ஒரு பலகை. அதன் கீழ் ஓரத்தில் புல எண்.

அந்த எண்ணில் தொடங்கி முன்னும் பின்னுமாக ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தோம். அவள் தட்டச்சு செய்ய, நான் தாளில் குறித்தேன். பட்டா, பட்டா, ஏரி, பட்டா என்று போனது. பதினோராவதோ பன்னிரண்டாவதோ, குறுகலான ஒரு துண்டு. ‘அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை’ என்று இருந்தது. தேன்மொழி வாயை மூடிக்கொண்டு அழுதாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு புலப்படத்தை, அதாவது அந்த நிலத்தின் அளவு வரைபடத்தை, எடுத்தோம். வண்டிப்பாதை ஏரிக்கரையிலிருந்து கிளம்பி, சுடுகாட்டைத் தொடாமல் முன்னாலேயே நின்றது. மீதித் துண்டு தலைமையாசிரியரின் பட்டாவில்தான் இருந்தது. எந்த இடத்தில் நிற்கிறது என்று அவளைக் கேட்டேன். வேப்பமரம் அங்கேதான் மேடம் என்றாள். பெரியவர் சொன்னதும் பதிவேடும் ஒன்றாக இருந்தன. இவை ஒன்றையொன்று பார்த்து எழுதியவை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கடைசித் துண்டு படத்த வெக்காம வுட்டா இன்னா மேடம்?" என்று கேட்டாள்.

வேறு ஒரு நாளாக இருந்தால் நீளமாகப் பதில் சொல்லியிருப்பேன். அன்று எனக்கு அந்த உரிமை இல்லை. உன் ஊர்ச் சுடுகாடு, நீதான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்து அதையும் கட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள்.

திங்கட்கிழமை பேச்சை நடத்திய வட்டாட்சியர் ஒரு பெண். நிதானமானவர். மகன் தரப்பில் ஏழெட்டுப் பேர். தலைமையாசிரியரையும் அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். காலனித் தரப்பில் தேன்மொழியின் அப்பாவும் இன்னும் ஐந்து பேரும். பெண்கள் கதவோரம் நின்றார்கள். மகன் தன் இரண்டு தாள்களையும் காட்டிப் பேசி முடித்ததும் தேன்மொழி எழுந்தாள். அந்த இணையப் பக்கத்தைத் தொடங்கி எழுதியது தான்தான் என்றாள். அவளுடைய ஆட்களிடமிருந்தே ஒரு சத்தம் எழுந்தது. நம்ம பொண்ணேவா என்று யாரோ சொன்னது கேட்டது. அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்து, பாதை பற்றிய வாக்கியம் மட்டும் அவளுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லி இரண்டு பதிப்புகளையும் மேசையில் வைத்தேன். வட்டாட்சியர் இரண்டையும் படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார்.

"எதுக்கும்மா மாத்தினீங்க?"

"வாக்கியம் நல்லா இருக்கணும்னு மாத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். கதவோரம் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வட்டாட்சியர் தேன்மொழி எழுதிய முதல் பதிப்பைத் தலைமையாசிரியருக்குக் கேட்கும்படி வாசித்தார். பெரியவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"இதாம்மா நான் சொன்னது. வேப்பமரத்துக்கு அந்தாண்டதான் எங்களுது. இந்தாண்ட எங்க அப்பா காலத்துலயே சர்க்கார் பாதை." பிறகு மகனைப் பார்த்தார். "வூட்லதான கீறேன். என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மகனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அச்சில் இருந்ததை அவர் நம்பினார். அச்சில் இருப்பது நம்பும்படி இருக்க வேண்டும் என்றுதான் நானும் அதைச் சுருக்கினேன்.

அந்த வாரமே நில அளவர் வந்து கல் நட்டார். வேலி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போனது. கடைசித் துண்டு இன்னும் பட்டா நிலம்தான். தன் காலத்தில் தடுக்க மாட்டேன் என்று பெரியவர் எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு என்ன என்று காலனிக்காரர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அந்தத் துண்டை அரசே எடுத்துக் கொடுக்கச் சொல்லி விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போயிருக்கிறது. நான் கடைசியாக விசாரித்தபோதும் முடியவில்லை. புலப்படத்தை மறைத்திருந்தால் அந்த மனுவை எழுதவே முடியாமல் போயிருக்கும் என்று தேன்மொழி சொன்னாள்.

இணையப் பக்கத்தில் அவள் எழுதியதையே திரும்ப வைத்து, கீழே பதிவேட்டையும் சேர்த்திருக்கிறாள். நான் செய்த திருத்தம் வரலாற்றில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது காட்டுவதற்கு வேண்டுமென்றால் முகவரி தருகிறேன்.

அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அலுவலக வாசலில் தேன்மொழியின் அம்மா என்னிடம் வந்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை. ஒருவேளை நன்றி சொல்லப்போகிறாரோ என்று நினைத்தேன், அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று கூச்சமாகவும் இருந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேருந்து வருகிறதா என்று சாலையை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்க பொண்ணு எழுதறத இனிமே மாத்தாதீங்க மேடம். அது போய்க் கேட்டுக்கினு வந்து எழுதுது."

சரிம்மா என்றேன்.